சீயஸின் இடிப்படை

தேவர்தம் படைக்கலங்களைப் பற்றிய கதைகள் பல நாடுகளிலும் வழங்கி வருகின்றன. முருகனுக்கு வேலும், திருமாலுக்கு ஆழியும், இந்திரனுக்கு வச்சிரமும் உரியன என்பதைத் தமிழ் மக்கள் நன்கறிவர். பண்டைக் கிரேக்கர் போற்றிய தெய்வப் படைக்கலங்களுள் தலையாயது, வானவர் தலைவனாகிய சீயஸ் ஏந்திய இடிப்படையாகும். அதன் ஆற்றலைக் கூறும் கதைகள் மிகப் பல. ஆயினும், அப்படை அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது, யார் கொடுத்தனர், எதற்காகக் கொடுத்தனர் என்பவற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இவ்வினாக்களுக்குரிய விடையிலேதான் அக்கதையின் உயிர்நிலை அமைந்துள்ளது.

அரிவாள் பெற்ற ஆட்சி

கிரேக்கத் தெய்வங்களின் பிறப்பு முறையை வரன்முறையாகக் கூறும் பழைய நூல், ஹீசியட் என்னும் புலவர் இயற்றிய 'தியோகனி' ஆகும். 'தேவர் பிறப்பு' என்பது அப்பெயரின் பொருள். கி.மு. 700ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய இந்நூல் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அடிகளைக் கொண்டது. கதை வருமாறு:

வானமாகிய யுரேனஸுக்கும் நிலமகளாகிய கேயாவுக்கும் மூவகை மக்கள் பிறந்தனர். டைட்டன்கள் பன்னிருவர் ஒரு வகையினர். நெற்றியில் ஒற்றைக் கண் உடைய சைக்ளோப்புகள் மூவர் மற்றொரு வகையினர். நூறு கைகளும் ஐம்பது தலைகளும் உடைய மூவர் மூன்றாம் வகையினர். தன் மக்களைத் தந்தையே வெறுத்தான். அவர்களை வெளியில் வர விடாமல் நிலத்தின் ஆழத்தில் மறைத்து வைத்தான். தாய் நோவு தாங்காமல் குமுறினாள். சாம்பல் நிறமுடைய உறுதி மிக்க உலோகத்தால் பெரிய அரிவாள் ஒன்றைச் செய்தாள். "யார் இதனை ஏந்துவீர்?" என்று அவள் தன் மக்களைக் கேட்டபோது, எல்லாரும் அஞ்சி வாய் மூடி நின்றனர். டைட்டன்களுள் இளையவனாகிய குரோனஸ் ஒருவனே துணிந்து முன்வந்தான். அவன் மறைந்திருந்து, தந்தையை அரிவாளால் தாக்கி ஆட்சியைக் கைப்பற்றினான்.

அடக்குமுறையை எதிர்த்து எழுந்தவன் ஆட்சிக்கு வந்தபின் என்ன செய்தான்? சிறைப்பட்டுக் கிடந்த சைக்ளோப்புகளை அவன் மீட்டதாக ஹீசியட் கூறவில்லை. அப்பொல்லோடோரஸின் பெயரால் வழங்கும் பிற்காலத் தொகுப்பு நூலோ, விடுதலை பெற்றிருந்த அவர்களைக் குரோனஸ் மீண்டும் கட்டி, டார்ட்டரஸ் என்னும் பாதாளச் சிறையில் அடைத்தான் என்று வெளிப்படையாகவே உரைக்கின்றது. தன் மக்களுள் ஒருவனால் தன் ஆட்சி அழியும் என்று கேள்வியுற்ற அவன், பிறந்த குழந்தைகள் ஐவரையும் ஒருவர் பின் ஒருவராக விழுங்கினான். தந்தை நிலத்தில் மறைத்தான். மகன் வயிற்றில் மறைத்தான். வேறுபாடு இவ்வளவே. அரிவாளால் ஆள் மாறினானே அன்றி, ஆட்சியின் இயல்பு மாறவில்லை.

விடுதலைக்குக் கைம்மாறு

ஆறாவது குழந்தையாகிய சீயஸைத் தாய் ரியா கிரீட் தீவில் ஒளித்து வைத்தாள். குழந்தைக்கு மாறாகத் துணியில் சுற்றிய கல் ஒன்றைக் குரோனஸுக்குக் கொடுத்து ஏமாற்றினாள். சீயஸ் வளர்ந்தபின், விழுங்கப்பட்ட உடன்பிறந்தார் வெளிவந்தனர். அதன்பின் அவன் செய்த செயலே ஈண்டுக் கருதத்தக்கது. சிறையில் கிடந்த சைக்ளோப்புகளின் கட்டுகளை அவன் அவிழ்த்துவிட்டான். செய்ந்நன்றி மறவாத அவர்கள் இடியையும் மின்னலையும் எரியும் படையையும் அவனுக்கு அளித்தனர். அதுவரை அவை நிலத்தின் அகத்தே மறைந்து கிடந்தன என்று புலவர் கூறுகின்றார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. இடிப்படை குரோனஸின் காலத்தில் இல்லாமற் போனதன்று; அது அவன் கைக்கு எட்டவில்லை. அதனை ஆக்க வல்லாரைச் சிறையில் இட்டவன், அதனை எவ்வாறு பெறுவான்? சிறைக் கதவைத் திறந்தவனுக்கே அது கிட்டியது.

டைட்டன்களோடு நிகழ்ந்த போர் பத்து ஆண்டுகள் நீண்டது. நூறு கையர் மூவரையும் சீயஸ் சிறை மீட்டு, வானவர்க்குரிய உணவளித்து, உடன் நின்று போரிடுமாறு வேண்டினான். அவர்கள் ஒருசேர முந்நூறு பாறைகளை வீசியதாகவும், வானிலிருந்து சீயஸ் இடிப்படையை இடைவிடாது எறிந்ததாகவும், காடுகள் எரிந்து கடல் கொதித்ததாகவும் ஹீசியட் பாடுகின்றார். அப்பொல்லோடோரஸின் நூல் மற்றொரு செய்தியையும் தருகின்றது. சைக்ளோப்புகள் சீயஸுக்கு இடியையும், ஹேடிசுக்கு அணிந்தோரை மறைக்கும் தலைக்கவசத்தையும், பொசைடனுக்கு முத்தலை வேலையும் அளித்தனர் என்பது அது. உடன்பிறந்தார் மூவரின் சின்னங்களும் சிறை மீண்டோர் தந்த கொடைகளே என்பது இதனால் விளங்கும்.

பெயரும் வடிவும்

சைக்ளோப்புகள் மூவரின் பெயர்கள் பிரான்டிஸ், ஸ்டெரோப்பிஸ், ஆர்கிஸ் என்பன. முதற்பெயர் இடிமுழக்கத்தையும், இரண்டாவது மின்னலையும், மூன்றாவது ஒளியையும் குறிக்கும் சொற்களினின்று பிறந்தவை. இடியின் ஓசையும், மின்னலின் ஒளியும், வீழ்ந்து அழிக்கும் நெருப்பும் கிரேக்க மொழியில் வெவ்வேறு சொற்களால் வழங்கப்பெற்றன. தமிழிலும் இடி, மின், உரும் எனச் சொற்கள் தனித்தனியே இருத்தலை ஒப்பிட்டு மகிழலாம்.

கிரேக்கச் சிற்பிகளும் மட்கல ஓவியரும் இடிப்படையை நடுவில் பிடித்து எறியத்தக்க கருவியாக அமைத்தனர். அதன் இரு முனைகளும் மலரின் அரும்பு போல விரிந்திருக்கும். ஒலிம்பியா அமைந்த எலிஸ் நாட்டு நாணயங்களில் கழுகும் இடிப்படையும் பொறிக்கப்பட்டிருந்தன. இடி வீழ்ந்த இடத்தைத் தெய்வத்துக்குரியதாகக் கருதி, மக்கள் கால் வையாதபடி வேலியிட்டுக் காத்தலும் அந்நாட்டு வழக்கம்.

வச்சிரமும் இடிப்படையும்

சீயஸ் என்னும் பெயரும், வேதத்தில் வானத்தைக் குறிக்கும் தியௌஸ் என்னும் பெயரும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது மொழிநூலார் துணிபு. ஆனால், இடிப்படை ஏந்துவோன் இந்திய மரபில் இந்திரனே ஆவான். புகார் நகரில் அவனது படைக்கலத்துக்கெனவே வச்சிரக் கோட்டம் இருந்ததையும், இந்திர விழாவின்போது அக்கோட்டத்து முரசம் யானையின் பிடரில் ஏற்றப்பெற்றதையும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் காட்டுகின்றன.

வச்சிரத்தின் தோற்றத்தைப் பற்றி வேதம் கூறுவது வேறு. புராணம் கூறுவது வேறு. வேதத்தில் அதனைச் செய்தவன் துவட்டா என்னும் தெய்வக் கம்மியன். புராணமோ, ததீசி முனிவர் தம் உடலை உவந்து ஈய, அவர்தம் எலும்பினின்று அது ஆக்கப்பட்டது என்கின்றது. கிரேக்கக் கதையில் படைக்கலம் நன்றியால் வந்தது. புராணக் கதையில் ஈகையால் வந்தது. இரண்டிலும் அது பறித்துக்கொண்ட பொருளன்று, பிறர் தந்த பொருள் என்னும் கருத்து ஒன்றாயிருத்தல் வியக்கத்தக்கது.

களவு போன இடி

கொடையாக வந்ததைக் களவினால் கொள்ள இயலுமா? இவ்வினாவையும் பழம்புலவர் எழுப்பினர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டுப் பனோப்பொலிஸ் நகரினராகிய நோன்னஸ், 48 படலங்கள் கொண்ட 'டயோனிசியாக்கா' என்னும் பெருங்காப்பியத்தைக் கிரேக்க மொழியில் இயற்றினார். அதன் தொடக்கத்தில், குகையில் மறைத்து வைத்திருந்த இடிப்படையை டைஃபன் என்னும் அரக்கன் திருடுகின்றான். ஆனால், அவன் கையில் அது தன் ஆற்றல் குன்றி மங்குகின்றது. இறுதியில், ஆயன் வேடம் பூண்ட காட்மஸின் குழலிசையில் அரக்கன் மயங்கியிருக்க, சீயஸ் தன் படையை மீட்டுக்கொள்கின்றான்.

எனினும், கிரேக்கர் சீயஸைக் குற்றமற்றவனாகக் காட்டினாரல்லர். இறந்தோரையும் எழுப்ப வல்ல மருத்துவனாகிய அஸ்கிளிப்பியஸை அவன் இடியால் கொன்றான். மகனை இழந்த அப்பொல்லோ, சீயஸை ஒன்றும் செய்ய இயலாமல், அப்படையை ஆக்கித் தந்த சைக்ளோப்புகளைக் கொன்றான். யூரிப்பிடிஸ் கி.மு. 438இல் அரங்கேற்றிய 'அல்செஸ்டிஸ்' நாடகம் இச்செய்தியோடு தொடங்குகின்றது. எறிந்தவன் வாழ, செய்து கொடுத்தவர் மாண்டனர். ஆற்றலை ஈந்தோரை ஆட்சியில் இருப்போர் மறத்தலால் வரும் கேட்டினைக் கிரேக்கர் நன்குணர்ந்திருந்தனர் போலும்.

புதிய கதையில் பழைய படை

இந்த இடிப்படையே நம் காலத்துச் சிறுவர் புதினம் ஒன்றின் நடுப்பொருளாயிற்று. அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டன் 2005இல் வெளியிட்ட 'தி லைட்னிங் தீஃப்', அதாவது 'மின்னல் திருடன்', என்பதே அந்நூல். அவர் பள்ளியில் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்த ஆசிரியர். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்பட்ட தம் மகனுக்கு இரவுதோறும் கிரேக்கக் கதைகளைச் சொல்லி வந்தார். பழங்கதைகள் தீர்ந்தபின் தாமே புதிதாக ஒன்றைப் படைத்தார். அதன் தலைவனாகிய பெர்சி ஜாக்சன் என்னும் சிறுவனுக்கும் அதே இடர் உண்டு.

கதையில் சீயஸின் தலைமை இடிப்படை களவு போகின்றது. சைக்ளோப்புகள் டைட்டன் போருக்காக ஆக்கிய முதற்படை அது என்று ஆசிரியர் குறிக்கின்றார். பொசைடனின் மகனாகிய பெர்சியின்மேல் பழி விழ, அவன் அதனைத் தேடி நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை செல்கின்றான். திருடியவனோ, ஹெர்மிஸ் என்னும் தெய்வத்தின் மகனாகிய லூக். குரோனஸின் தூண்டுதலுக்கு அவன் இரையானது பேராசையால் மட்டுமன்று. தந்தை தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்னும் மனப்புண்ணே அவனை அவ்வழியில் செலுத்தியது. தெய்வங்களுக்குப் பிறந்தும், "இவன் என் பிள்ளை" என்று ஏற்றுக்கொள்ளப்படாத சிறுவர் பலர், பாசறையில் ஒரே குடிலில் நெருக்குண்டு கிடக்கின்றனர்.

இவ்வரிசையின் ஐந்தாம் நூல் 2009இல் வெளிவந்தது. போரில் வென்ற பெர்சிக்கு வானவர் இறவா வாழ்வை அளிக்க முன்வருகின்றனர். அவன் அதனை மறுக்கின்றான். பதின்மூன்று வயதுக்குள் தெய்வங்கள் தம் பிள்ளைகள் அனைவரையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும், சிறு தெய்வங்களின் பிள்ளைகளுக்கும் பாசறையில் உரிய இடம் தரல் வேண்டும் என்னும் வாக்குறுதியையே அவன் பரிசிலாகக் கேட்கின்றான்.

இப்புதினத்தில் வரும் விமானங்களும் மின்தூக்கிகளும் ஹீசியட் அறியாதவை. ஆயினும், கதையின் அடித்தளம் அவர் இட்டதே. மறைத்து வைக்கப்பட்ட பிள்ளைகளின் குமுறலில் பழைய அரிவாள் பிறந்தது. ஏற்கப்படாத பிள்ளையின் குமுறலில் புதிய களவு பிறந்தது. அன்று சிறைக் கதவைத் திறந்தவனுக்கே இடிப்படை கிட்டியது. இன்றைய கதையிலும், ஒதுக்கப்பட்டோரை ஏற்ற பின்னரே வானுலகில் அமைதி நிலைபெறுகின்றது.

வகுப்பறையில் இக்கதையைக் கூறும் ஆசிரியர், இடியின் முழக்கத்தோடு நின்றுவிடுதல் ஆகாது. படையைக் கொடுத்தவர் யார், அவர் அதுவரை எங்கே கிடந்தார் என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். கடைசி இருக்கையில் வாளா அமர்ந்திருக்கும் பிள்ளை, அவ்வினாவுக்கு மற்றையோரினும் விரைந்து விடை கூறினும் கூறலாம்.