முருங்கை இலைக்குத் தீராத மாலைக்கண்

பொழுதுபட்ட பிறகு கண் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பெரியவர்கள் முருங்கை இலையைத்தான் சொல்வார்கள். விற்றமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண் என்றால் அது நல்ல பரிகாரமே. நன்றாகச் சாப்பிடும் பிள்ளையும் இருட்டில் தடுமாறி, வருடம் போகப்போகப் பக்கப்பார்வையும் சுருங்கினால், அது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயாக இருக்கலாம்.

இந்நோயில் முதலில் கெடுவது மங்கிய வெளிச்சத்தில் பார்வை தரும் கோல் கலங்கள். அவை ஒரு கண்ணில் ஏறத்தாழ 12 கோடி. அவற்றை ஒட்டி, ஒற்றை அடுக்காக, கருமையான நிறமிக் கலங்கள் இருக்கின்றன. கோல் கலம் தன் ஒளியுணரும் முனையில் பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்க்கும். விடிந்ததும் நிறமிக் கலம் அதை விழுங்கிச் செரிக்கும். நிறமிக் கலங்கள் பிரிந்து பெருகுவது மிக அரிது. இருபது வயதில் விழுங்கிய கலமே எழுபதிலும் விழுங்க வேண்டும். செரிக்காத எச்சம் உள்ளேயே தேங்கும். முதுமையில் நடுப்பார்வை கெடுவதற்கும் இந்தத் தேக்கத்துக்கும் என்ன தொடர்பு என்பதைக் கலாநிதிப் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள் பலர் தேடுகிறார்கள். நோயாளியின் தோல் கலங்களைத் தண்டுக்கலங்களாக்கி, அவற்றிலிருந்து நிறமிக் கலங்களை வளர்த்துப் பார்க்கிறார்கள். 2014இல் ஜப்பானின் கோபேயில் அப்படி வளர்த்த படலத்தை ஒரு மூதாட்டியின் கண்ணிலேயே வைத்தார்கள்.

ஒளி பட்டு உருமாறிய விற்றமின் ஏயை மீண்டும் பயன்படும் வடிவுக்குக் கொண்டுவருவதும் இந்தக் கலங்கள்தான். அதற்கான புரதம் ஆர்பிஈ65. அதன் பரம்பரையலகு பழுதானாலும் இந்நோய் வரலாம்; அப்போது எவ்வளவு கீரை சாப்பிட்டும் பலனில்லை. அந்தப் பழுது 1997இல் கண்டறியப்பட்டது. சரியான பரம்பரையலகை விழித்திரைக்கு அடியில் செலுத்தும் மருந்துக்கு அமெரிக்கா 2017இல் அனுமதி அளித்தது. இரு கண்ணுக்கும் 8.5 லட்சம் டொலர் என்று விலை வைத்தார்கள். நம் குடும்பங்களுக்கு எட்டாத, கொடுமையான விலை. கலங்கள் செத்தபின் அந்த மருந்தும் பலிக்காது.

கிழக்கில் மச்சான் மச்சாள் கலியாணம் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். உறவுக்குள் மணந்தால் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். நோயில்லாத பெற்றோர் இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதற்காக எந்தத் தாயையும் பழிக்கக் கூடாது. இந்த நோயைத் தரும் பரம்பரையலகுகள் பல டசின். எது பழுது என்று தெரிந்தால்தான் வரப்போகும் மருந்துகளில் எது பொருந்தும் என்று சொல்ல முடியும். சென்னை சங்கர நேத்ராலயா கண் வைத்தியசாலையின் ஆய்வுப் பிரிவு கண்நோய்களின் பரம்பரையலகுகளை ஆராய்கிறது. கிழக்கின் குடும்பங்களும் இத்தகைய ஆய்வுகளில் இடம்பெற வேண்டும்.

இருட்டில் தடுமாறும் பிள்ளையை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்று, கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடப்பிறந்தவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.