குழந்தை யார் கணக்கில்?

நீலகிரியில் வெயில் ஏறியதும் பனி காணாமல் போகும். சில ஆண்பிள்ளைகள் வெயிலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை!

அவள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். அவன் ஃபேக்டரியில் வேலை. "கட்டிக்கறேன்" என்று சத்தியம். மூன்றாம் மாதம் அவள் விஷயத்தைச் சொன்னதும், "யாரோடதோ, எனக்கென்ன தெரியும்?" என்று மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடுகிறான். லயன் முழுக்க அவளைத்தான் பேசும். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சட்டம் கேட்கும், சார்!

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவு என்பார்களே, 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் சுலபம். தாலி கட்டினானோ இல்லையோ, வசதியுள்ள அப்பன் குழந்தைக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் தரவேண்டும். முன்பு 500 ரூபாய்தான் உச்சவரம்பு. 2001-ல் அதை எடுத்துவிட்டார்கள். கட்டாவிட்டால் வாரன்ட், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை ஜெயில். இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான்!

"என் பிள்ளையே இல்லை" என்றால்?

கூடலூரிலிருந்து வயநாட்டைத் தாண்டி மலை இறங்கினால் தலச்சேரி. அங்கே 1988-ல் ஒரு ஜீவனாம்ச வழக்கு. தாய் கைகாட்டினாள், அவன் கைவிரித்தான். கோர்ட் இருவரையும் குழந்தையையும் ஹைதராபாத் ஆய்வு மையத்தில் டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பியது. விஞ்ஞானி லால்ஜி சிங் பார்த்துச் சொன்னார்: அப்பன் இவன்தான்! கேரள ஹைகோர்ட்டும் அதை ஏற்றது. மாஜி முதல்வர் என்.டி.திவாரியே 2012-ல் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை.

கேட்டவுடன் டெஸ்ட் கிடைக்காது. சரியான காரணம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1993-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கோர்ட் உத்தரவிட்டும் ரத்தம் தர மறுத்தால், அதையே அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

சரி, தாய்க்கு?

புருஷன் பெண்சாதி போலச் சேர்ந்து வாழ்ந்திருந்தால், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி ஜீவனாம்சத்தோடு நஷ்டஈடும் கேட்கலாம். கோவையிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட் நிபந்தனை போட்டது: இருவரும் கல்யாணத்துக்குத் தகுதியுள்ளவர்களாக, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் வந்துபோனது சேராது. பொய்ச் சத்தியம் செய்து ஏமாற்றியவனுக்கு 2024 முதல் தனிக் குற்றப்பிரிவே இருக்கிறது. பத்து வருஷம்வரை உள்ளே.

வக்கீல் ஃபீஸ் பற்றிய கவலையும் வேண்டாம். ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

நான் பி.காம். அதனால் ஒன்று சொல்வேன், தம்பிகளே. பொறுப்பை அடுத்தவன் கணக்கில் எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஆடிட்டர் உங்கள் ரத்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்!