ஏழு வார்த்தைகளும் நான்கு சுவிசேஷங்களும்

பெரிய வெள்ளிக்கிழமையன்று கிறிஸ்தவ ஆலயங்கள் பலவற்றில் நண்பகல் தொடங்கி மூன்று மணி நேரம் நடைபெறும் ஆராதனையில், ஏசுநாதர் சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளைத் தியானித்தல் மரபு. ஆயினும் பைபிளைக் கையிலெடுத்து அவ்வேழினையும் ஒரே இடத்தில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். மத்தேயுவும் மாற்கும் தருவது ஒன்றே. இருவர் நூலிலும் அது ஒரே வார்த்தைதான். லூக்கா அதனை விடுத்து வேறு மூன்றைத் தருகிறார். யோவான் கூறும் மூன்றோ ஏனையோர் எவரும் கூறாதவை. ஏழு என்பது பிற்காலத்தார் கூட்டிக் கண்ட தொகை.

கூட்டுவதால் வரும் இழப்பு யாது என வினவலாம். ஒரு தாளை நான்கு பத்திகளாகக் கோடிட்டு, நால்வர் கூற்றையும் அருகருகே எழுதிப் பார்த்தால் அது விளங்கும்.

மாற்குவின் நூலே நான்கினுள் முற்பட்டதென்றும், கி.பி. 70-ஐ ஒட்டி எழுந்ததென்றும் அறிஞருள் பெரும்பாலோர் கொள்வர். அதில் காணும் துன்பம் தனிமையின் துன்பம். கெத்செமனேயில் ஏசு தரையில் விழுந்து வேண்டுகிறார், சீடர் உறங்குகின்றனர், பின்னர் எல்லோரும் ஓடிவிடுகின்றனர். உடன் அறையப்பட்ட கள்வர் இருவரும் அவரை நிந்திக்கின்றனர். பிற்பகல் மூன்று மணியளவில், கடவுள் தம்மைக் கைவிட்டது ஏன் என்று அரமேய மொழியில் கதறுகிறார். அது 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கம். அருகில் நின்றோர்க்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை. எலியாவை அழைப்பதாக எண்ணுகின்றனர். பின்பு சொல்லற்ற ஒரு பேரொலி, உயிர் பிரிகிறது.

லூக்கா மாற்குவின் நூலைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினார் என்பது பெரும்பாலோர் கருத்து. எனவே அந்தக் கதறல் அவர் நூலில் இல்லாமை தற்செயலன்று. அவர் காட்டும் ஏசு பகைவர்க்காக மன்னிப்பு வேண்டுகிறார். கள்வருள் மனந்திரும்பிய ஒருவனுக்குப் பரதீசை வாக்களிக்கிறார். 31-ஆம் சங்கீதத்தின் சொற்களால் தம் ஆவியைத் தந்தையிடம் ஒப்புவிக்கிறார். (மன்னிப்பு வேண்டுதல், 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதி முதலிய தொன்மையான பிரதிகள் சிலவற்றில் இல்லை. ஆக, ஏழு என்ற எண்ணே ஐயத்துக்கு இடமாகிறது.)

யோவானிடத்திலோ கலக்கமே இல்லை. தோட்டத்தில் பிடிக்க வந்தோரே பின்னிட்டுத் தரையில் விழுகின்றனர். மற்ற மூவர் கூறும் சிரேனே ஊர்ச் சீமோன் இங்கு இல்லை. ஏசு தம் சிலுவையைத் தாமே சுமக்கிறார். தாயை அன்புச் சீடனிடம் ஒப்படைக்கிறார், தாகத்தைக் கூறுகிறார், எல்லாம் நிறைவேறிற்று என்று முடிக்கிறார். கிரேக்க மூலத்தில் இவ்விறுதி மொழி ஒரே சொல். மாற்கு சொல்லும் கணக்கில், சிலுவையில் அறைந்தது காலை ஒன்பது மணி. யோவான் கணக்கிலோ, நண்பகலளவிலும் பிலாத்துவின் தீர்ப்பே முடியவில்லை. பஸ்காவுக்கு ஆயத்தம் செய்யும் அந்நாளில்தான் ஆட்டுக்குட்டிகள் அறுக்கப்படும். ஏசுவைத் தேவ ஆட்டுக்குட்டி என்று தம் முதல் அதிகாரத்திலேயே குறித்த யோவானுக்கு அந்த நாள் பொருள் நிறைந்தது.

நான்கையும் ஒன்றாக இழைக்கும் முயற்சி புதிதன்று. கி.பி. 170-ஐ ஒட்டித் தாத்தியன் என்பார் இயற்றிய ஒருங்கிணைந்த சுவிசேஷம் சிரியத் திருச்சபைகளில் நெடுங்காலம் ஓதப்பட்டது. 5-ஆம் நூற்றாண்டில் தியோதரேத்து என்னும் ஆயர், தம் மறைமாவட்டத்தில் அந்நூலின் படிகள் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றை அகற்றி, நான்கு சுவிசேஷங்களையே மீண்டும் வைத்தார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரையும் அருகருகே அச்சிட்டு ஒப்புநோக்கும் முறை, 1776-இல் ஜெர்மானிய அறிஞர் கிரீஸ்பாக் தனி நூலாக வெளியிட்ட பதிப்பால் வலுப்பெற்றது.

ஏழு வார்த்தைகளின் வழக்கமான வரிசையில் கைவிடப்பட்ட கதறல் நான்காவது. அதனைக் கேட்டவர்க்குச் சற்று நேரத்தில் லூக்காவின் ஆறுதல் கிட்டிவிடுகிறது. மாற்குவை மட்டும் வைத்திருந்த முதல் வாசகர்க்கு அந்த ஆறுதல் கிட்டவில்லை. கடைசிப் பேரொலியில் என்ன சொல் இருந்ததென்று மாற்கு எழுதவில்லை. அங்கே யோவானின் சொல்லையும் லூக்காவின் சொல்லையும் கொண்டுவந்து வைத்தவர்கள் பின்வந்தோரே.