அரைமண்டி

அரைமண்டி என்பது பரதநாட்டியத்தின் அடிப்படை உடல் நிலை ஆகும். குதிகால்கள் நெருங்கியும், பாதங்கள் பக்கவாட்டில் வெளிநோக்கித் திரும்பியும், முழங்கால்கள் இரு புறமும் மடங்கியும், முதுகு நிமிர்ந்தும் இருக்கும் நிலை இது. அரைமண்டலம், அர்த்தமண்டலி ஆகிய பெயர்களாலும் இது அழைக்கப்படுகின்றது. நின்ற நிலைக்கும், முழுமையாகத் தாழ்ந்து அமரும் முழுமண்டிக்கும் இடைப்பட்டது என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. பெரும்பாலான அடவுகள் இந்நிலையிலேயே தொடங்கி இந்நிலையிலேயே முடிகின்றன.

இந்நிலையின் அழகு குறித்து நாட்டிய நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. எனினும், இது ஏன் உறுதியானது, ஏன் விரைவில் களைப்பைத் தருகின்றது, முழங்காலுக்கு எப்போது தீங்காகின்றது என்பன இயற்பியல், உடலியக்கவியல் ஆகிய துறைகளைச் சார்ந்த வினாக்கள் ஆகும்.

சென்னையும் அரைமண்டியும்

முழங்கால்களை வெளிநோக்கி மடக்கிய நிலைகள் சிதம்பரம் நடராசர் கோயில் கோபுரங்களில் உள்ள கரணச் சிற்பங்களில் காணப்படுகின்றன. கோயில்களிலும் அரசவைகளிலும் சதிர் என்ற பெயரில் ஆடப்பட்டு வந்த நடனம் 1930களில் சென்னையின் மேடைகளுக்கு வந்து, பரதநாட்டியம் என்ற பெயரில் பரவியது.

ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986), மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் இந்நடனத்தைக் கற்றார். 1935 ஆம் ஆண்டு அடையாறு பிரம்மஞான சபையில் ஆடிய அவர், 1936 இல் அடையாற்றில் கலாசேத்திராவை நிறுவினார். இந்நிறுவனம் 1962 இல் திருவான்மியூரில் உள்ள தனது வளாகத்திற்கு இடம் பெயர்ந்தது. 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. கலாசேத்திரா பாணி, ஆழ்ந்த அரைமண்டிக்கும் நேர்கோட்டு அமைப்பிற்கும் பெயர் பெற்றது. எல்லாப் பாணிகளிலும் அரைமண்டியின் ஆழம் ஒரே அளவில் இருப்பதில்லை.

இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் நடன வகுப்புகள் பல, வீட்டுக் கூடங்களிலும் மொட்டை மாடிகளிலும் நடைபெறுகின்றன. இவ்விடங்களின் தரை பெரும்பாலும் சிமெண்டு அல்லது ஓடு பதித்த கடினத் தரை ஆகும். இதன் விளைவு கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

கணக்கீட்டிற்கான மாதிரி

கீழ்வரும் கணக்குகளுக்கு 160 செ.மீ. உயரமும் 50 கி.கி. நிறையும் உடைய ஒரு நடனக் கலைஞர் எடுத்துக்கொள்ளப்படுகின்றார். அவரது எடை ஏறத்தாழ 490 நியூட்டன். தொடை, கீழ்க்கால் ஆகியன ஒவ்வொன்றும் 40 செ.மீ. நீளம் உடையன எனவும், அரைமண்டியில் அவை இரண்டும் செங்குத்துடன் 45 பாகை சாய்ந்துள்ளன எனவும் கொள்ளப்படுகின்றது. அதாவது, முழங்கால் செங்கோணமாக மடங்குகின்றது. உண்மையான உடல்களில் இவ்வளவுகள் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

நிற்கும்போது இடுப்பு மூட்டிற்கும் கணுக்காலுக்கும் இடையே 80 செ.மீ. உயரம் உள்ளது. அரைமண்டியில் இது ஏறத்தாழ 57 செ.மீ. ஆகக் குறைகின்றது. எனவே உடல் 23 செ.மீ. தாழ்கின்றது. நிற்கும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 88 செ.மீ. உயரத்தில் இருந்த ஈர்ப்பு மையம் 65 செ.மீ. உயரத்திற்கு இறங்குகின்றது.

சமநிலை

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து வரையப்படும் செங்குத்துக்கோடு அதன் தாங்குதளத்திற்குள் விழும் வரை அப்பொருள் கவிழ்வதில்லை. மனிதரின் தாங்குதளம் என்பது இரு பாதங்களும் அவற்றிற்கு இடைப்பட்ட பரப்பும் ஆகும்.

பாதங்கள் முழுமையாகப் பக்கவாட்டில் திரும்பினால் தாங்குதளம் இட வலமாக ஏறத்தாழ 46 செ.மீ. நீள்கின்றது. முன் பின்னாகவோ பாதத்தின் அகலமாகிய 9 செ.மீ. மட்டுமே கிடைக்கின்றது. ஈர்ப்பு மையம் நடுவில் உள்ளது எனக் கொண்டால், கவிழாமல் சாயக்கூடிய கோணம் பின்வருமாறு அமைகின்றது.

* அதே பாத அமைப்பில் முழங்காலை மடக்காமல் நின்றால், முன் பின்னாக: ஏறத்தாழ 2.9 பாகை
* அரைமண்டியில், முன் பின்னாக: ஏறத்தாழ 4 பாகை
* அரைமண்டியில், இட வலமாக: ஏறத்தாழ 19 பாகை

தாழ்ந்து நிற்பதால் உறுதி கூடுகின்றது என்பது இதிலிருந்து தெளிவாகும். ஆயினும் முன் பின் திசையில் அரைமண்டி மிகக் குறுகிய எல்லைக்குள்ளேயே நிலைபெறுகின்றது. முதுகை நிமிர்த்தும்படி ஆசிரியர்கள் ஓயாமல் வலியுறுத்துவதன் இயற்பியல் காரணம் இதுவே. தலை, உடற்பகுதி, கைகள் ஆகியன சேர்ந்து உடல் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆகும். இப்பகுதியின் மையம் 5 செ.மீ. முன்னே நகர்ந்தால், முழு உடலின் ஈர்ப்பு மையம் 3 செ.மீ.க்கு மேல் முன்னே செல்லும். எல்லையோ 4.5 செ.மீ. மட்டுமே. இதை ஈடுசெய்ய உடல் தானாகவே இடுப்பைப் பின்னே தள்ளுகின்றது. தொடக்க நிலை மாணவர்களிடம் காணப்படும், பின்புறம் துருத்தி அடிமுதுகு வளைந்த தோற்றம் பெரும்பாலும் இவ்வாறு ஏற்படுவதே.

முழங்காலில் செயற்படும் திருப்புவிசை

இரு கால்களும் எடையைச் சமமாகத் தாங்கும்போது, ஒவ்வொரு பாதத்தின் மீதும் தரை 245 நியூட்டன் விசையை மேல்நோக்கிச் செலுத்துகின்றது. இவ்விசை கணுக்காலின் நேர் கீழே செயற்படுவதாகக் கொண்டால், முழங்கால் அவ்விசைக்கோட்டிலிருந்து 28 செ.மீ. தொலைவில் உள்ளது. விசையைத் தொலைவால் பெருக்கக் கிடைக்கும் திருப்புவிசை ஏறத்தாழ 69 நியூட்டன் மீட்டர். இது முழங்காலை மேலும் மடக்க முயல்கின்றது.

இதை எதிர்த்து நிற்பது தொடையின் முன்புறத் தசை ஆகும். அத்தசையின் இழுவிசை முழங்காற்சில்லின் வழியாகக் கீழ்க்காலெலும்பைச் சென்றடைகின்றது. மூட்டின் மையத்திலிருந்து அவ்விசைக்கோட்டின் தொலைவு ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. எனவே தேவைப்படும் இழுவிசை 1,700 நியூட்டனைத் தாண்டுகின்றது. இது கலைஞரின் முழு எடையைப் போல் மூன்றரை மடங்கு ஆகும். அதுவும் ஒரு காலில் மட்டும்.

எடையைக் குதிகால் பக்கம் விடாமல் நடுப்பாதத்திற்குக் கொண்டு வந்தால் நிலைமை மாறுகின்றது. விசைக்கோடு 7 செ.மீ. வெளிப்புறம் நகர்ந்தால் முழங்காலிலிருந்து அதன் தொலைவு 21 செ.மீ. ஆகவும், திருப்புவிசை ஏறத்தாழ 51 நியூட்டன் மீட்டர் ஆகவும் குறைகின்றன. சுமையின் ஒரு பகுதியைக் கெண்டைக்கால் தசைகளும் இடுப்புத் தசைகளும் ஏற்றுக்கொள்கின்றன. மாறாக, ஒரு காலைத் தூக்கும்போது மற்றக் காலின் முழங்காலில் திருப்புவிசை இரு மடங்கை நெருங்குகின்றது.

அசையாமல் நின்றும் களைப்பது ஏன்?

இயற்பியலில் வேலை என்பது விசையையும், விசையின் திசையில் ஏற்படும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கக் கிடைப்பதாகும். அரைமண்டியில் அசையாமல் நிற்பவர் செய்யும் புறவேலை சுழி ஆகும். ஆயினும் தசை என்பது மேசைக்காலைப் போன்றதன்று. இழுவிசையை நிலைநிறுத்தத் தசையிழைகளின் உள்ளே உள்ள புரதங்கள் இடைவிடாமல் பற்றுவதும் விடுவதுமாக இருக்கின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் வேதியாற்றல் செலவாகி வெப்பமாக மாறுகின்றது. எனவேதான் அசைவு இல்லாமலேயே தொடை நடுங்குகின்றது.

அடவு செய்யும்போது தலை மேலும் கீழும் அசையாமல் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது மரபு. 23 செ.மீ. எழுவதற்கு 113 ஜூல் வேலை தேவை. நிமிடத்திற்கு 60 முறை எழுந்து தாழ்ந்தால், எழுவதற்கு மட்டும் சராசரியாக 113 வாட் திறன் செலவாகும். மட்டம் மாறாமல் ஆடுபவருக்கு இச்செலவு இல்லை.

தட்டும் தரையும்

தட்டடவில் பாதம் தரையை ஓசை எழத் தட்டுகின்றது. கீழ்க்காலும் பாதமும் சேர்ந்து ஏறத்தாழ 3 கி.கி. நிறை உடையன. அவை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்குவதாகக் கொண்டால், உந்தம் 6 கி.கி. மீட்டர்/நொடி. இவ்வுந்தம் 0.02 நொடியில் சுழியானால் சராசரி விசை 300 நியூட்டன், 0.01 நொடியில் சுழியானால் 600 நியூட்டன். சற்றே வளைந்து கொடுக்கும் மரத்தளம் நிறுத்தும் நேரத்தை நீட்டுகின்றது. சிமெண்டுத் தரை அதைக் குறைக்கின்றது. ஒரு தட்டில் இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஒரே வகுப்பில் நூற்றுக்கணக்கான தட்டுகள் நிகழ்வதால், தரையைத் தேர்ந்தெடுப்பது மாணவரின் கால்களைக் காக்கும் செயலாகின்றது.

அடவுகள் மூன்று காலங்களில் பயிலப்படுகின்றன. ஒவ்வொரு காலத்திலும் வேகம் இரட்டிக்கின்றது. காலைத் தூக்கும் உயரம் மாறாவிட்டால், மூன்றாம் காலத்தில் பாதத்தின் வேகம் நான்கு மடங்காகவும் அதன் இயக்க ஆற்றல் பதினாறு மடங்காகவும் உயரும். இதனால், மூன்றாம் காலத்தில் கால் தூக்கப்படும் உயரம் இயல்பாகவே குறைகின்றது.

சலங்கையும் கணக்கில் கொள்ளத்தக்கது. அரைக் கிலோ எடையுள்ள சலங்கை, கீழ்க்காலின் நிறையை ஆறில் ஒரு பங்கே கூட்டுகின்றது. ஆனால் அது முழங்காலிலிருந்து மிகத் தொலைவில் கட்டப்படுவதால், நிலைமத் திருப்புத்திறனைக் கால் பங்கிற்கும் மேல் கூட்டுகின்றது.

பாதம் திரும்புவது எங்கிருந்து?

இடுப்பு மூட்டு பந்துகிண்ண மூட்டு ஆகும்; அது எல்லாத் திசைகளிலும் திரும்ப வல்லது. முழங்கால் பெரும்பாலும் கீல் போன்றது. மடங்கவும் நீளவும் செய்யும், சிறிதளவே திருகும். ஆகவே அரைமண்டியில் பாதங்கள் வெளிநோக்கித் திரும்புவது முதன்மையாக இடுப்பிலிருந்து நிகழ வேண்டும்.

இடுப்பு எவ்வளவு திரும்பும் என்பது தொடையெலும்பின் கழுத்து, இடுப்புக் கிண்ணம் ஆகியவற்றின் வடிவத்தையும் பொறுத்தது. வளர்ச்சி முடிந்த பின் எலும்பின் இவ்வடிவம் பயிற்சியால் மாறுவதில்லை. இடுப்பு அனுமதிக்கும் அளவைத் தாண்டிப் பாதங்களை மட்டும் தரையில் திருப்பி நிறுத்தினால், மீதிக் கோணத்தை முழங்காலும் கணுக்காலும் ஏற்கின்றன. மேலே கணக்கிட்ட பெரும் சுமையுடன் இத்திருகலும் சேரும்போது மூட்டின் தசைநார்களும் குருத்தெலும்பும் பாதிக்கப்படக்கூடும். முழங்கால் நோக்கும் திசையும் பாதத்தின் விரல்கள் நோக்கும் திசையும் ஒன்றாக இருப்பதே இதைத் தவிர்க்கும் எளிய சோதனை ஆகும். வகுப்பில் உள்ள அனைவரும் ஒரே கோணத்தை எட்ட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு உடற்கூற்றியலுக்குப் பொருந்தாது. குறைந்த கோணத்தில், பாதங்கள் சற்று முன்னோக்கி இருக்கும்போது, தாங்குதளம் முன் பின்னாக விரிவதால் சமநிலையும் எளிதாகின்றது.

தாய் சியுடன் ஒப்பீடு

சீனாவின் தாய் சி கலையிலும் முழங்கால் மடக்கித் தாழ்ந்து நிற்றல், முதுகை நிமிர்த்தல், தலையின் மட்டம் மாறாமல் நகர்தல் ஆகியன அடிப்படை விதிகள் ஆகும். அக்கலை 2020 இல் யுனெசுக்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இரண்டிற்கும் உள்ள முதன்மை வேறுபாடு வேகம் ஆகும். இயல்பாக நடப்பவரின் ஈர்ப்பு மையம் சில கணங்கள் தாங்குதளத்திற்கு வெளியே சென்றாலும், அடுத்த அடி அவரைக் காப்பாற்றிவிடும். தாய் சியில் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மிக மெதுவாக மாற்றப்படுவதால் உந்தத்தின் உதவி கிடைப்பதில்லை. ஒவ்வொரு கணமும் ஈர்ப்பு மையம் தாங்குதளத்திற்குள்ளேயே இருக்க வேண்டும். முதியோர் கீழே விழுவதைக் குறைக்கத் தாய் சி உதவுவதாக ஆய்வுகள் காட்டுவதற்கு இப்பயிற்சி ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது.

தாய் சி என்ற பெயரில் உள்ள "சி", உயிராற்றலைக் குறிக்கும் "சி" என்று பரவலாகக் கருதப்படுகின்றது. இவை சீன மொழியில் வெவ்வேறு சொற்கள் ஆகும். பெயரில் உள்ள சொல் உச்சம் அல்லது எல்லை என்று பொருள்படும். மேலும், மரபு கூறும் உயிராற்றலும் ஜூலில் அளக்கப்படும் ஆற்றலும் ஒன்றல்ல. இக்கட்டுரையில் ஆற்றல் என்ற சொல் பின்னதையே குறிக்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* பரதநாட்டியம்
* அடவு
* கலாசேத்திரா
* தாய் சி
* சிலம்பம்
* ஈர்ப்பு மையம்
* திருப்புவிசை