கதவைத் தட்டிய மூவர்!

திண்டிவனத்தில் ஒரு மிஷன் டாக்டரின் வீடு. இரவு நேரம். கதவு தட்டப்பட்டது.

டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் கதவைத் திறந்தார். வந்தவர், மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகச் சொல்லி அவரை அழைத்தார்.

தாம் டாக்டர் அல்ல, தந்தைதான் டாக்டர் என்றார் ஐடா. ஆண் டாக்டர் பிரசவம் பார்ப்பதா? வந்தவர் திரும்பிப் போய்விட்டார்.

அதே இரவில் இன்னும் இருவர் வந்தார்கள். அதே வேண்டுகோள், அதே பதில்.

ஐடா தூங்கவில்லை. பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

ஜெபம் செய்தார்

இந்தியாவில் தங்கவே கூடாது என்று எண்ணியிருந்தவர் ஐடா. அன்று அறைக்குள் போய் ஜெபம் செய்தார். வெளியே வந்ததும், டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார்.

1899-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது.

ஒரு டாக்டரால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோயாளிகளே அவர் குடும்பம். 1960-ல், 89-வது வயதில் காலமானார்.

அந்த ஒரு கட்டில்தான் இன்றைய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்திருக்கிறது. முழந்தாளிட்டு ஜெபித்தவர், எழுந்து தொண்டு செய்ததால் வந்த பலன் அது!