காற்றிலும் 'டிராபிக் ஜாம்'! சிக்னல் இருந்தும் 'நெட்' சுற்றுவது ஏன்?

செல்போனில் சிக்னல் கோடுகள் 4-ம் நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் வீடியோ நகர மாட்டேன் என்கிறது. பணம் அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சென்னை புறநகர் மக்களுக்கு இது பழகிப்போன தலைவலி. "கம்பெனிக்காரன் ஏமாத்துறான்" என்று திட்டிவிட்டு போனை பையில் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. காற்றில் இடம் போதவில்லை!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பூக்கடையில் தகராறு

தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது கீழ்க்கட்டளை. மேடவாக்கம் மெயின் ரோடும், பல்லாவரம்-துரைப்பாக்கம் 200 அடி ரோடும் இங்கேதான் சந்திக்கின்றன. போதாக்குறைக்கு மெட்ரோ ரெயில் வேலை வேறு.

மாலையில் பழைய மகாபலிபுரம் ரோடு கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருந்து கூட்டம் திரும்பும் நேரம், ரோட்டில் வண்டிகள் ஆமை வேகத்தில் ஊரும். வண்டியில் இருப்பவர் கையிலும் செல்போன். பஸ்சுக்கு நிற்பவர் கையிலும் செல்போன். வீட்டுக்குள் இருப்பவர் கையிலும் செல்போன்.

இந்த நேரம் பார்த்து ஒருவர் பூ வாங்கிவிட்டு செல்போனில் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"காசு போயிடுச்சுக்கா!"

"எனக்கு வரலியே தம்பி!"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நடுவில் 'நெட்' மாட்டிக்கொண்டது. வாங்கியவருக்கு 5 நிமிடம் நஷ்டம். பூ விற்பவருக்கோ அன்றைய லாபமே அந்த 40 ரூபாய்தான்.

குழாயடி சண்டை மாதிரி

சிக்னல் கோடு என்பது, டவரின் அலை எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பதை மட்டும்தான் காட்டும். அந்த டவரில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டாது.

தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. வரிசையில் 4 குடம் என்றால் சட்டென்று நிரம்பிவிடும். 400 குடம் என்றால்? குழாய் அதே குழாய்தான். தண்ணீரும் அதே தண்ணீர்தான். ஆளுக்குச் சொட்டுத்தான் கிடைக்கும்.

டவரும் அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு அது அனுப்பக்கூடிய மொத்தத் தகவலையும் அங்குள்ள எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் பறக்கும் 'நெட்' மாலையில் படுத்துவிடுவதன் ரகசியம் இதுதான்.

அகலம் கூடாத ரோடு

குழாயைப் பெரிதாக்கினால் என்ன? அங்கேதான் வருகிறது சிக்கல்.

செல்போன் பேச்சும் படமும் ரேடியோ அலையில் ஏறித்தான் வருகின்றன. அந்த அலைகளின் வரிசைக்குத்தான் 'அலைக்கற்றை' என்று பெயர். மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இதை அளக்கிறார்கள். அதை ரோட்டின் அகலம் என்று நினைத்துக்கொள்ளலாம். அகலம் அதிகம் என்றால் வண்டிகள் அதிகம் போகும்.

ஆனால் இந்த ரோட்டில் ராணுவத்துக்கு ஒரு பங்கு. விமானத்துக்கு ஒரு பங்கு. டெலிவிஷனுக்கு ஒரு பங்கு. செயற்கைக்கோளுக்கு ஒரு பங்கு. மிச்சம்தான் செல்போனுக்கு. அதையும் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். என்று கூறுபோட வேண்டும்.

எல்லா அலையும் ஒரே குணம் உள்ளதும் அல்ல. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் வெகுதூரம் போகும். சுவரைத் துளைத்து வீட்டுக்குள் நுழையும். ஆனால் அதில் கிடைக்கும் அகலம் குறைவு. 3,300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகளில் அகலம் தாராளம். ஆனால் சுவரைக் கண்டால் திணறும். மொட்டை மாடியில் பறக்கும் '5-ஜி' படுக்கை அறைக்குள் வந்ததும் படுத்துக்கொள்வது இதனால்தான்.

கிடுகிடு உயர்வு

சென்னைக்கு செல்போன் வந்தது 1995-ம் ஆண்டு. ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்று இரண்டே கம்பெனிகள். வருகிற போனுக்கும் காசு கொடுத்த காலம் அது. பணக்காரர் பொருளாக இருந்தது. பேச்சு மட்டும்தான். இடம் போதுமானதாக இருந்தது.

2014-ல் இந்தியாவில் ஒரு ஆள் மாதத்துக்குச் செலவழித்த டேட்டா சராசரியாக கால் ஜி.பி.தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இலவசம் என்றது. மற்றவர்களும் விலையைக் குறைத்தார்கள். 2018-ல் அது 7½ ஜி.பி.யைத் தாண்டியது. 2024-ல் 20 ஜி.பி.க்கும் மேல்!

10 ஆண்டில் ஏறக்குறைய 80 மடங்கு! அலைக்கற்றை அப்படி 80 மடங்கு பெருகவில்லை.

கோடி கோடியாக ஏலம்

சரக்கு குறைவு, கிராக்கி அதிகம் என்றால் அங்கே பணம் விளையாடும்.

2008-ல் '2-ஜி' அலைக்கற்றை ஏலம் இல்லாமல், முந்தி வந்தவருக்கு முந்திக் கொடுக்கப்பட்டது. அது நாட்டையே உலுக்கிய வழக்கானது. 122 லைசென்சுகளை 2012 பிப்ரவரி 2-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் 2017 டிசம்பர் 21-ந்தேதி டெல்லி தனிக்கோர்ட்டு விடுதலை செய்தது.

அதன் பிறகு ஏலம்தான். 2022 ஆகஸ்டு 1-ந்தேதி முடிந்த '5-ஜி' ஏலத்தில் அரசுக்குக் கிடைத்த தொகை 1 லட்சத்து 50 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஜியோ மட்டும் 88 ஆயிரம் கோடிக்கு வாங்கியது.

ஆனால் ஒரு வேடிக்கை. 700 மெகாஹெர்ட்ஸ் அலையை 2016-லும் 2021-லும் வாங்க ஆளே இல்லை. விலை அவ்வளவு! 2024 ஜூன் ஏலத்தில் 10 ஆயிரம் மெகாஹெர்ட்சுக்கு மேல் வைத்தும், விற்றது 141 மெகாஹெர்ட்ஸ்தான்.

"பற்றாக்குறை என்கிறீர்கள், விற்காமலும் கிடக்கிறது என்கிறீர்களே?" என்று கேட்கலாம். ஏலத்துக்கு வந்ததில் பெரும்பகுதி மிக உயர்ந்த அலை. சில நூறு மீட்டர்தான் போகும். அதை வாங்கினால் தெருவுக்குத் தெரு கருவி வைக்க வேண்டும். அந்தச் செலவுக்குக் கம்பெனிகள் அவசரப்படவில்லை.

ஏர்செல் வாடிக்கையாளர் பட்ட பாடு

கம்பெனிகளின் கடன் சுமை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டு மக்கள் நேரில் பார்த்தார்கள்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஏர்செல், 2016-ல் தமிழ்நாடு உள்பட 8 வட்டாரங்களில் தன் '4-ஜி' அலைக்கற்றையை ஏர்டெலுக்கு விற்றது. 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. டவர்கள் திடீரென்று ஊமையாயின. நம்பரைக் காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். பாங்கிக் கணக்கு, கியாஸ் பதிவு எல்லாம் அந்த நம்பரில்தானே இருந்தன!

என்ன வழி?

வழி இல்லாமல் இல்லை. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ரோட்டை அகலப்படுத்துவது. ராணுவத்திடம் இருந்த அலைகள் அப்படித்தான் செல்போனுக்கு வாங்கப்பட்டன. பதிலுக்கு ராணுவத்துக்குத் தனி கண்ணாடி இழை கேபிள் போட்டுத்தர ஒப்புக்கொள்ளப்பட்டது.

இரண்டாவது, அதே ரோட்டில் அதிக வண்டி விடுவது. '5-ஜி' டவரில் உள்ள பல சிறு ஆன்டெனாக்கள், ஊருக்கெல்லாம் இறைக்காமல், கேட்கும் போனைப் பார்த்து அலையைத் திருப்பிவிடும்.

மூன்றாவது, குழாய்களை அதிகமாக்குவது. ஒரு பெரிய டவருக்குப் பதில் பல சிறிய டவர்கள். ஒரு தெருவில் ஓடும் அதே அலையை, சற்றுத் தள்ளி இன்னொரு தெருவில் மறுபடி பயன்படுத்தலாம். 1947-லேயே அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் உதித்த யோசனை இது. செல்போனில் உள்ள 'செல்' இந்தச் சின்னச் சின்னப் பகுதிகளைத்தான் குறிக்கிறது.

டவர் வேணும், எங்க தெருவுல வேணாம்!

ஆனால் டவர் வைக்க வந்தால் எதிர்ப்பு கிளம்புகிறது. "கதிர்வீச்சு வரும், குழந்தைகளுக்கு ஆகாது" என்ற பயம். அடுத்த வாரம் அதே தெருவில் இருந்து "சிக்னல் இல்லை" என்று புகார்!

பயத்துக்குப் பதில் உண்டு. 2012-ல் டவர் கதிர்வீச்சுக்கு மத்திய அரசு விதித்த வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். சந்தேகம் இருந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளம் மூலம் கட்டணம் கட்டி அளந்து பார்க்கச் சொல்லலாம். டவர் தூரத்தில் இருந்தால் கையில் உள்ள போன்தான் அதிக பலத்துடன் கத்த வேண்டியிருக்கும். பாட்டரியும் சீக்கிரம் தீரும்.

அதே சமயம், குடியிருப்போரைக் கலக்காமல் ராவோடு ராவாக டவர் நடுவதும் சரியல்ல. அளந்த கணக்கை முதலிலேயே தெருவில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துபோகும்.

யார் வீட்டுச் சொத்து?

"வானலைகள் பொதுச்சொத்து" என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. அதாவது பூக்கார அக்காவுக்கும் அதில் பங்கு உண்டு!

ஆனால் பேச்சு பாதியில் அறுந்தால் வாடிக்கையாளருக்கு 1 ரூபாய் தர வேண்டும் என்று 'டிராய்' போட்ட உத்தரவை, 2016 மே 11-ந்தேதி அதே கோர்ட்டு ரத்து செய்துவிட்டது. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின.

வீட்டில் கேபிள் 'நெட்' இருப்பவர்கள் படம் பார்க்க 'வைபை'யைப் பயன்படுத்தினால், வெளியே ரோட்டில் நிற்பவருக்கு அந்த அளவு இடம் மிச்சமாகும். வேகம் குறைந்தால் கம்பெனியின் புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

புகார் எழுதும்போது "நெட் வரலை" என்று மொட்டையாக எழுதக்கூடாது. எந்தத் தெரு, எத்தனை மணி, எத்தனை நாளாக என்று எழுத வேண்டும். ஒரே தெருவில் இருந்து ஒரே நேரத்தைக் குறிப்பிட்டு 20 புகார் போனால், அங்கே குழாய் போதவில்லை என்பது கம்பெனியின் ஏட்டிலேயே பதிவாகிவிடும். அதன் பிறகு "எங்களுக்குத் தெரியாதே" என்று யாரும் கைவிரிக்க முடியாது!