துள்ளும் கையும் தொண்டை நோவும்

வடிவாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கொப்பி ஓரிரு வாரத்தில் கிறுக்கலாகிப் போகிறது. கையில் பிடித்த கோப்பை விழுகிறது. முகம் கோணுகிறது, தோள் துள்ளுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. வகுப்பிலே "ஒழுங்கா இரி" என்று ஏச்சு விழும். வீட்டிலே "கண்ணூறு", "ஜின் தீண்டல்" என்று தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். ஆனால், இது தொண்டை நோவின் பின்விளைவாக இருக்கக்கூடும்.

இந்நோய்க்கு 'சிடன்ஹாம் கொரியா' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் இதை விவரித்தவர் ஆங்கில வைத்தியர் தோமஸ் சிடன்ஹாம். 'கொரியா' என்றால் கிரேக்க மொழியில் நடனம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம், அதிலும் பெண்பிள்ளைகளிடமே இது கூடுதலாகக் காணப்படுகிறது.

ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவால் தொண்டை நோ வரும்போது, அதை எதிர்க்க உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. சிலருக்கு அவையே ஆள்மாறி, அசைவை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதியைத் தாக்கிவிடுகின்றன. தொண்டை நோ மாறி ஒன்று முதல் ஆறு மாதம் கழித்தே துள்ளல் தொடங்குவதால், இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

நாக்கை நீட்டி வைத்திருக்கச் சொன்னால் அது உள்ளே ஓடிவிடும். நமது விரலைப் பிடிக்கச் சொன்னால் பிடி இறுகி இறுகித் தளரும். தூக்கத்தில் துள்ளல் அடங்கிவிடும்.

துள்ளல் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே குறையும். பயப்பட வேண்டியது இருதயத்துக்குத்தான். இது வாதக் காய்ச்சலின் ஓர் அடையாளம். அந்நோய் இருதய வால்வுகளைப் பழுதாக்கும். சிறுவயதில் கவனிக்காமல் விட்ட வால்வுப் பழுது, கலியாணமாகி வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு மூச்சுத்திணறலாக வெளிப்படுவதுண்டு. அதனால்தான் மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியை வருடக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். "பிள்ளைக்குச் சுகம்தானே" என்று இடையில் நிறுத்தக்கூடாது.

எல்லாத் துள்ளலும் இதுவல்ல. நுளம்பால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும், சில வாந்தி மருந்துகளும், உடலில் செம்பு சேரும் வில்சன் நோயும் அசைவுகளைக் குழப்பும். எது என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை.

ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. துஆவும் மருந்தும் நமக்குப் பகையல்ல. ஆனால், ஓதுவதோடு நின்றுவிடாமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இருதயத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கொப்பியிலே எழுத்து மாறுவதை முதலில் காண்பவர் ஆசிரியர்தான். ஏசுவதற்கு முன் உம்மா வாப்பாவைக் கூப்பிட்டு, "பிள்ளைக்குக் கிட்டடியில் தொண்டை நோ வந்ததா?" என்று அவர் ஒருதரம் கேட்கட்டும்.